இன்ஜினுக்கு வைத்த பொட்டு

போன வாரம் ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து என் பழைய லாரியில் இன்ஜின் லைட் அணையவில்லை. ஓசூரில் எந்த சிக்னலில் நின்றாலும் வண்டி குலுங்கி ஆஃப் ஆகிவிடும். பின்னால் கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்தே கொல்லும்.

இன்று மத்திகிரியில் மெக்கானிக் மஞ்சுவிடம் விட்டேன். ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, ஒரு சென்சாரின் கனெக்டரைக் கழற்றினார். மேலே சந்தனம், உள்ளே ஈரம்.

"பூஜைக்கு இன்ஜின தண்ணி அடிச்சுக் கழுவுனீங்களாண்ணா?"

"கழுவி, பொட்டும் வெச்சேன்."

"டயருக்கு வைங்க, கண்ணாடிக்கு வைங்க. இன்ஜின விட்ருங்கண்ணா."

தலையாட்டினேன். துடைத்து, காயவைத்து மாட்டினார். லைட் அணைந்தது. வண்டி குலுங்காமல் ஓடியது.

இன்று வெள்ளிக்கிழமை வேறு. ஷெட்டில் நிற்கும் வண்டிகளுக்குப் பூஜை போட மஞ்சுவின் அம்மா சொம்போடும் சந்தனக் கிண்ணத்தோடும் வந்தார். கேபினைச் சாய்த்து வைத்திருந்த என் லாரியைப் பார்த்தார்.

"பாவம், மொதல்ல இதுக்கு."

நான் மஞ்சுவைப் பார்த்தேன். மஞ்சு ஸ்கேனரைப் பார்த்தார். அம்மா இன்ஜின் மேல் கைநிறைய மஞ்சள் தண்ணீர் தெளித்தார்.

இப்போது பாகலூர் ரோட்டோரம் நின்றபடி எழுதுகிறேன். வண்டியை நான் நிறுத்தவில்லை.

அந்த அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லக்கூடியவர்கள் மட்டும் கமெண்டில் திட்டலாம்.