அண்ணன் படம் போட்ட போஸ்டர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் அண்ணன் நன்றாக இருக்கிறார். இதை எழுத உட்கார்ந்த பிறகுகூட ஒருமுறை போன் செய்து, நான் கொடுத்தனுப்பிய ஊறுகாயில் உப்பு கூடிப்போனதைக் குறை சொல்லிவிட்டுத்தான் வைத்தார். சொல்லட்டும். இப்போதெல்லாம் அவர் எந்தக் குறை சொன்னாலும் எனக்குக் கோபம் வருவதில்லை.

நான் பழனிசெட்டிபட்டியில் குடியிருந்துகொண்டு உத்தமபாளையத்துக்கு வேலைக்குப் போகிறவள். தினமும் பஸ் ஜன்னல்தான். இந்தச் சாலையில் விளம்பரம் இல்லாத சுவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். விளம்பரக்காரர்கள் நம் கழுத்தைத் திருப்ப என்னென்னவோ செய்து பார்க்கிறார்கள். ஒரு நகைக்கடை, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையை வீட்டுக்கு வீடு போட்டுவிட்டுப் போனது. யார் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் என்று ஆவலாகப் பிரித்தால் உள்ளே திறப்புவிழா அழைப்பு. ஒரு செல்போன் கடை, ரூபாய் நோட்டைப்போல அச்சடித்த தாளை பஸ் ஸ்டாண்டு தரையில் இறைத்துவிட்டது. குனியாதவர்கள் குறைவு. எங்கள் தெருவில் வரும் பாத்திரக்கடை ஆட்டோ, "அக்கா, அடுப்பை அணைச்சிட்டு வாசலுக்கு வாங்க" என்று மைக்கில் உரிமையோடு கூப்பிடும். நானும் ஒருமுறை அணைத்திருக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு நான் தேறிவிட்டேன். என்னை எந்த விளம்பரமும் அசைக்க முடியாது என்று ஒரு திமிர்கூட வந்திருந்தது.

அண்ணன் இருப்பது அனுமந்தன்பட்டியில். ஜீப் ஓட்டுகிறார். சின்னமனூரிலிருந்து மேகமலை எஸ்டேட்டுகளுக்கு அரிசி, பருப்பு, ஆட்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போவார். மலைமேல் அவர் போகிற இடங்களில் போன் எடுக்காது. அந்தப் பாதையில் பல வருஷம் குலுங்கிக் குலுங்கி அவருக்கு முதுகுவலி நிரந்தரமாகிவிட்டது. உட்கார்ந்தால் "ஆத்தா", எழுந்தால் "ஆத்தா". "ஆரம்பிச்சிட்டாக" என்று நானும் மதினியும் கண்ணாலேயே பேசிக்கொள்வோம். ஆனால் அவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு மழையில் மேலே போகிற நாட்களில் எங்கள் இருவருக்கும் சோறு இறங்காது. அந்தப் பயத்தை நாங்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

அப்படி அவர் மேலே போய்த் தங்கிவிட்ட ஒரு மழைநாளுக்கு மறுநாள் காலை, பஸ் உத்தமபாளையத்துக்குள் நுழையும் இடத்தில் வேகம் குறைந்தது. சுவரில் ஒரு போஸ்டர். கறுப்புக் கரை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே கொட்டை எழுத்தில் "கண்ணீர் அஞ்சலி". நடுவில் என் அண்ணன்.

என் கல்யாணத்தில் எடுத்த படம். பட்டுச் சட்டை, கொஞ்சம் சாய்ந்த தலை. அவர் நெற்றியில் இருந்த குங்குமம் நான் வைத்துவிட்டது. படத்துக்குக் கீழே தோற்றம், மறைவு என்று இருந்ததையும் பார்த்தேன். அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. அடுத்த சுவரிலும் அண்ணன். அதற்கடுத்த சுவரிலும் அண்ணன்.

அவர் எண்ணை அழுத்தினேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மதினியை அழைத்தேன். அவள் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். மறுபடி அழைத்தேன், மறுபடியும் அப்படியே. சாவு வீட்டில்தான் போன் இப்படி ஓயாமல் பேசும். நான் சத்தம் போட்டு அழுதேன். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா, இறந்தது யார் என்று கேட்காமலே என் கையைப் பிடித்துக்கொண்டார். அதே பஸ்தான் கம்பம் போகிறது என்பதால் நான் இறங்கவில்லை. அனுமந்தன்பட்டி வரைக்கும் கண்டக்டர் மேற்கொண்டு டிக்கெட் கேட்டு என் பக்கமே வரவில்லை.

வீட்டு வாசல் முழுக்கச் செருப்பு. ஆண்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நின்றார்கள். ஒருவர் கையில் ரோஜா மாலை. உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். மதினி மட்டும் அழவில்லை. போனைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து வந்த அழைப்பெல்லாம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டனவாம்: எப்போது எடுக்கிறார்கள்? இவளுக்கு யாரை எடுப்பது என்றே தெரியாது. அப்புறம்தான் சொந்தக்காரர்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். எல்லோரும் போஸ்டரைப் பார்த்து வந்தவர்கள்.

என்னைப் பார்த்ததும் மதினி கேட்டாள், "வீட்டுக்கு வராத சேதி செவத்துக்கு மட்டும் எப்படித்தா போச்சு?"

அவள் தோளைக் கட்டிக்கொண்டு நானும் உட்கார்ந்தேன்.

பதிலை உத்தமபாளையத்திலிருந்து காய்கறி மண்டி பாய் கொண்டுவந்தார். அண்ணன் ஜீப்பில் மலைக்குப் போகும் காய்கறியெல்லாம் அவர் மண்டிச் சரக்கு. சுவரிலிருந்து உரித்த போஸ்டரைப் பசை காய்வதற்குள் கையிலேயே எடுத்து வந்திருந்தார். வேட்டியெல்லாம் பசை. வாசலிலேயே அதை விரித்துப் பிடித்துச் சொன்னார், "இம்புட்டுப் பேரு வந்திருக்கீக. ஒருத்தராவது கீழ வரைக்கும் படிச்சீகளா?"

படித்தோம். தோற்றம்: பழைய மெத்தையில் படுத்த நாள். மறைவு: புதிய மெத்தையில் படுத்த நாள். அதற்கும் கீழே பொடி எழுத்தில், இவரைப் பல வருடங்களாக வாட்டிவந்த முதுகுவலி இயற்கை எய்தியது என்றும், அதன் பிரிவால் மகிழ்பவர்கள் என்றும் போட்டு, உத்தமபாளையத்து மெத்தைக்கடை ஒன்றின் விலாசம். அந்தக் கடை மெத்தையில் அண்ணன் ஒருநாள்கூடப் படுத்ததில்லை.

அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு திட்டினார்கள். மாலை வைத்திருந்தவருக்குத்தான் பாவம், அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு போய் வாய்க்காலில் விட்டுவிட்டு வந்தார். ஆயுசு கெட்டி என்று சிலர் சொன்னார்கள். எல்லாம் தெரிந்துவிட்டது, விளம்பரம் என்று புரிந்துவிட்டது. ஆனாலும் ஒருவரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. கீழே இருந்த பொடி எழுத்தைப் புத்தி ஒத்துக்கொண்டது. மேலே இருந்த கொட்டை எழுத்து வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது. மலைப்பக்கம் இன்னும் மூடியேதான் இருந்தது. போன் இன்னும் எடுக்கவில்லை. போஸ்டர் பொய் என்பதால் பாதை நல்ல பாதை ஆகிவிடுமா? "அவுக வரட்டும்" என்று மட்டும் மதினி சொன்னாள். பக்கத்து வீட்டில் எல்லோருக்கும் டீ போட்டார்கள்.

இடையில் மெத்தைக்கடைக்காரர் ஓடி வந்தார். அண்ணனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான். மதினி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கும் சேர்த்து நானே திட்டினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதுகுவலிக்காரர் படம் ஒன்று வேண்டும் என்று கேட்டதும் அண்ணன், எதற்கு என்றுகூடக் கேட்காமல், இருப்பதிலேயே நல்ல படமாகப் பார்த்துக் கொடுத்தாராம். பெயர் போடாததால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்று இவர் நினைத்துவிட்டாராம்.

"எம்புட்டோ போஸ்டர் ஒட்டிப் பாத்துட்டேன் தங்கச்சி. ஒருத்தரும் ஏறிட்டுப் பாக்கல. இது ஒண்ணுக்குத்தான் வண்டிய நிப்பாட்டிப் பாக்குறாக."

அதில் பொய் இல்லை. பத்திரிகையைப் பிரிக்காதவர்கள் இருக்கலாம், நோட்டுக்குக் குனியாதவர்கள் இருக்கலாம். கறுப்புக் கரை போட்ட ஒரு முகத்தை, யார் என்று பார்க்காமல் தாண்டிப் போக எங்கள் பக்கத்தில் யாராலும் முடியாது. பார்த்த பிறகு கீழே படித்துக்கொண்டு நிற்கவும் முடியாது. துண்டைத் தோளில் போட்டு, மாலை வாங்கிக் கிளம்பிவிடுவோம். முதல் பாதியை அவர் சரியாகக் கணக்குப் போட்டிருந்தார். கெட்டிக்காரர்தான். எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது.

மதியம் தெருமுனையில் ஜீப் சத்தம் கேட்டது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். அண்ணன் அங்கிருந்தே கூட்டத்தையும் துண்டு போட்ட ஆண்களையும் பார்த்திருக்கிறார். வாசல் நிறையக் கிடந்த செருப்பையும் பார்த்திருக்கிறார். என்ஜினை நிறுத்தவில்லை. அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். அந்த வயதில், அந்த முதுகோடு, அவர் ஓடி நான் பார்த்ததில்லை. வாசலில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். மதினி இருந்தாள். நான் இருந்தேன். எங்கள் முகத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

அப்போதுதான் மதினி அழுதாள்.

அண்ணன் நிலைப்படியைப் பிடித்தபடியே மெல்ல இறங்கி, எங்கள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். உட்காரும்போது அவர் கை தானாக இடுப்புக்குப் போனது. "ஆத்தா… முதுகு" என்றார்.

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து தைலம் எடுக்க உள்ளே போனாள். வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.