துலாவுக்குப் பழகிய கால்

பங்கீட்டுக் கூப்பனுக்கு அரிசி வந்த வருஷம், ஆவணி மாதம். வெங்காயத்துக்கு இறைத்துவிட்டு வந்து கஞ்சி குடிக்கக் குந்தினவன், சிரட்டையும் கையுமாகச் சரிந்தேன். பாரிசவாதம். இடப்பக்கம் முழுக்க என் சொல்லைக் கேளாமல் போய்விட்டது. வாய் மட்டும் தப்பியது. பார்க்க வந்த ஒருவர், "வாய் கிடக்குதெல்லே, மிச்சத்தை அவர் கதைச்சே எழுப்பிப் போடுவார்" என்றாராம். எனக்கு அந்தச் சொல் எண்ணெயையும் கஷாயத்தையும்விட நன்றாகப் பிடித்தது.

எங்கள் தோட்டத்து இறைப்புக்கு மூன்று பேர் வேண்டும். ஒருவர் கிணற்று மேலே துலா மரத்தில் ஏறி முன்னும் பின்னும் மிதிக்க, ஒருவர் கிணற்றடியில் ஓலைப் பட்டையைப் பிடித்து ஊற்ற, ஒருவர் மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி வாயைத் திறந்தும் அடைத்தும் தண்ணீர் மாற. இருபது வருஷம் துலா மிதித்தவன் நான். இப்போது மனைவியின் தம்பி வன்னியிலிருந்து வந்து மிதித்தார். அயலவர் ஒருவர் பட்டை பிடித்தார். தண்ணீர் மாறுவது மனைவி.

மச்சான் ஒளித்துக் கதைக்கிற ஆள் அல்ல. மாசியில் நெல் அரிவு வெட்டுக்குத் தான் வன்னிக்குப் போகவேண்டும் என்றார். அதற்குள் நான் வரம்பில் நின்று தண்ணீர் மாறினால் அயலவர் துலாவுக்கு ஏறலாம், மனைவி பட்டை பிடிக்கலாம். இல்லாவிட்டால் தோட்டத்தைக் குத்தகைக்கு விடவேண்டியதுதான். அன்றைக்கே எழும்பிவிடவேண்டும் என்று எனக்கு உடம்பெல்லாம் துடித்தது. உடம்பில் பாதிதான் துடித்தது என்பது வேறு கதை.

மிஷன் ஆஸ்பத்திரி நேர்ஸ் அம்மா நிற்கப் பழக்கினார். காலைப் பார்க்காதே, தூரத்தைப் பார். பாரத்தை இடக்காலுக்கு மாற்று, திருப்பி எடு. ஏலாத பக்கத்தில்தான் ஆள் துணை நிற்கவேண்டும். முற்றத்தில் கால் தடக்கத் தென்னங் கொக்காரையும் சிரட்டையும் கிடக்கக்கூடாது. வேட்டி கணுக்காலுக்கு மேலே. மனைவி அன்றே வேட்டியை மடித்துத் தைத்தாள். அதைக் கண்ட மச்சான், "அத்தான் பள்ளிக்கூடம் போற உடுப்பிலை நிக்கிறார்" என்றார்.

கிணற்றடியில் இரண்டு கமுகுக்கு நடுவே இடுப்பு உயரத்தில் நான் பிடித்து நிற்க மூங்கில் கட்டினோம். முற்றத்தில் கட்டலாம் என்று மனைவி சொன்னாள். இறைப்பைப் பார்த்துக்கொண்டு பழகினால் உற்சாகம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

முதல் நாளே விழுந்தேன், மல்லாக்க. மூன்றாம் நாளும் அப்படியே. கண்ணூறு என்றார்கள் சிலர். மனைவி இரண்டு இறைப்புக்குப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, பட்டை தண்ணியிலை படேக்கை எல்லே நீங்கள் விழுறியள்."

எனக்குப் பொறி தட்டியது. துலாவில் கிணற்றுப் பக்கம் நடந்தால் பட்டை இறங்கும். அது தண்ணீரில் 'தொபுக்' என்று விழுந்ததும் மிதிப்பவன் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து அடித்துலாப் பக்கம் கால் வைப்பான். இருபது வருஷமாக என் முதுகு அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டது. கீழே கமுகடியில் நின்றாலும், சத்தம் கேட்டதும் முதுகு பின்னுக்குப் போகிறது. இடக்காலுக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை!

அடுத்த கிழமை நேர்ஸ் அம்மாவிடம் சொன்னேன். அவர் சிரித்து முடித்துவிட்டு, "அந்தச் சத்தத்தையே வைச்சுப் பழகுங்கோ" என்றார். பட்டை விழும்போது முன்னுக்கு, இடக்காலில் பாரம். பட்டை ஏறும்போது வலக்காலுக்கு. பட்டையை எண்ணி ராகம் இழுப்பது துலாக்காரர் வழக்கம். மச்சான் மேலே நின்று இழுக்க, பாத்தி நிரம்புகிற நேரத்தில் மனைவி என் இடப்பக்கத்தில் வந்து நின்று அதே எண்ணைச் சொல்ல, நான் ஆடினேன். கார்த்திகையில், மழை விட்டு இறைத்த நாட்களில், பத்துப் பட்டைக்கு நின்றேன். தையில் நூறு, மூங்கிலில் ஒரு விரல் மட்டும். சாமத்திலேயே விழித்து, எப்போது விடியும், எப்போது இறைப்பு என்று கிடந்தேன். அயலவர், "உவர் நிக்கிற வேகத்துக்கு நாங்கள் இறைக்கவேண்டிக் கிடக்கு" என்று முறைப்பட்டார்.

மச்சான் போவதற்கு முதல்நாள் இறைப்பு. ஒருவரிடமும் சொல்லாமல் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு புகையிலை வரம்பில் ஏறினேன். மனைவி கண்டாள். ஓடிவந்து என் இடப்பக்கத்துப் பாத்திக்குள், கணுக்கால் புதையச் சேற்றில் நின்றாள். கை கொடுத்துப் பிடிக்கவில்லை. தூரத்துப் பனையைப் பார்த்தேன்.

'தொபுக்.'

முதுகு பின்னுக்குப் போகப் பார்த்தது. இடக்கால் ஈர மண்ணில் விரல்களை ஊன்றி முன்னுக்கு வந்தது. நின்றேன்! பட்டை ஏறியது, ஊற்றியது, திரும்பவும் விழுந்தது. அப்போதும் நின்றேன். குனிந்து நிரம்பிய பாத்தியின் வாயை அடைத்தேன்.

எண்ணிக்கை நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் மச்சான் துலாவின் நடுவில் அப்படியே நிற்கிறார். பட்டை பாதிக் கிணற்றில் தொங்குகிறது. கீழே பட்டை பிடிக்கிற அயலவர் வாயைத் திறந்தபடி.

மனைவி இருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறியள்," என்றாள் என்னிடம். "அடுத்த பாத்தியைத் திறவுங்கோ."