வெற்றிலை வைத்துக் கேட்ட பந்துவீச்சாளன்

சலூனில் அன்று இருந்தவர்கள்: ஓட்டோ ஓட்டும் எங்கள் தலைவர். சலூன்காரர், அவர்தான் கழகத்தின் பொருளாளர். மேசன், அவர் விக்கெட் காப்பாளர். கணக்கு வாத்தியார், முதலாவதாகத் துடுப்பெடுத்து இறங்குகிறவர். கடைசியாக நான். மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்கிறேன். கழகத்தில் முதல் ஓவர் போடுவது என் வேலை.

போயா நாள், பௌர்ணமி விடுமுறை. சலூன் பூட்டு. கதவைச் சாத்திவிட்டு உள்ளே கதைத்தோம்.

சித்திரை மென்பந்துப் போட்டிக்குப் புதிய விதி வந்திருந்தது. ஒவ்வொரு கழகமும் வெளியூர் ஆள் ஒருவரைச் சேர்க்கலாம். ஒருவர்தான். பேர் கொடுத்துவிட்டால் போட்டி முடியும்வரை அவர் எங்களுக்குத்தான் விளையாட வேண்டும். நாங்களும் அவரை மாற்ற முடியாது. ஆள் சரியென்றால் கப் வரும். பிழையானால் பத்துப் பேரோடு விளையாடுவது மாதிரி.

தலைவர் போனை நீட்டினார். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் ஒரு இளந்தாரி. எருமை மேய்க்கிறவன், தயிர் விற்கிறவன். ஓடி வருகிறான். பந்து போகிறது. கம்பு பறக்கிறது. வீடியோ அவ்வளவுதான். அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.

வாத்தியார்தான் முதலில் வாய் திறந்தார். "மாடு திருப்புறதுக்கு மண்கட்டி எறியிறவன். எறியிற கை மடங்கும். நடுவர் ஒருக்கா நோ போல் எண்டா நம்மட கதை முடிஞ்சு."

"நீங்க கணக்குப் பாத்துப் பாத்து இரிங்க சேர்," என்றார் சலூன்காரர். "மத்தக் கழகமும் இந்த வீடியோவப் பாத்திரிக்கும். அவனுகள் கொண்டு போன மறுகா நாம கண்ணாடியப் பாத்துக்கிட்டு இரிக்க வேண்டியதுதான்."

"தட்டிப் பாக்காம நான் ஒரு கல்லும் வைக்கிறல்ல," என்றார் மேசன்.

ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை. மைதானத்தில் பதினொரு பேர்தான் நிற்கலாம். பந்துவீச்சாளன் ஒருவன் வந்தால் பந்துவீச்சாளன் ஒருவன் போக வேண்டும். என் தோள் இரண்டு வருடமாகச் சரியில்லை. துடுப்பெடுத்தால் நான் கடைசி ஆள். ஒருமுறை இரண்டு ஓவரில் மூன்று விக்கெட் எடுத்தேன். கழகத்தில் அதற்கு மேல் யாரும் எடுக்கவில்லை. அந்தப் பழைய கதையை வைத்து இடம் பிடித்துக்கொண்டிருக்க முடியாது.

நாலு பேரும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்கள். நேரே பார்க்கவில்லை.

"போய்ப் பாப்பம்," என்றேன். "நான் பெட் பிடிக்கிறன், அவன் பந்து போடட்டும்."

ஞாயிற்றுக்கிழமை குருக்கள்மடத்துத் துறையில் ஓட்டோவோடு பாதையில் ஏறினோம். வாவியைக் கடக்கும் மிதவையைத்தான் எங்கள் பக்கம் பாதை என்போம். சலூன்காரர் மடியில் ஒரு பை. உள்ளே வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம்.

"இது என்னத்துக்கு?" என்றார் மேசன்.

"ஒரு வீட்டுப் புள்ளயக் கேட்டுப் போறம். வெறுங்கையோடயா போற?"

சரியென்றுதான் எல்லோருக்கும் பட்டது. அவ்வளவு பேரும் கலியாணம் முடித்தவர்கள். ஒருவருக்கும் அப்போது உறைக்கவில்லை.

தலைவர் போனில் சொன்னபடி அந்தக் கரையில் அவன் வந்து நின்றான். நெடுவல். சிரித்தான், கதைக்கவில்லை. எனக்குப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் பின்னால் இருந்த வட்டைக்குக் கூட்டிப்போனான். வயல் வெட்டி முடிந்திருந்தது. நடுவில் ஒரு துண்டை அவனே தட்டிச் சமப்படுத்தி வைத்திருந்தான். மூன்று கம்பு நட்டிருந்தது. தள்ளி எருமைகள் நின்றன.

கை மடங்குகிறதா என்று பார்க்க மேசன் ஒரு வழி வைத்திருந்தார். வயல் காவல் குடிலான வாடியில் கிடந்த விளக்குமாற்றிலிருந்து காய்ந்த ஈர்க்கு ஒன்றை உருவினார். ஓட்டோவில் கிடந்த கறுப்பு டேப்பால் அதை அவன் முழங்கையின் மேலும் கீழுமாக ஒட்டினார்.

"கை மடங்கினா இது முறியும்," என்றார். "முறிஞ்சா நாங்க வாழைப்பழத்தத் தின்டுட்டுப் போறம்."

நான் துடுப்போடு நின்றேன்.

முதல் பந்து. துடுப்பைத் தூக்கினேன். பந்து மேசனின் கையில் இருந்தது. காதோரம் ஒரு இரைச்சல் போனது மட்டும் தெரியும்.

இரண்டாவது காலடியில் விழுந்தது. மென்பந்துதான். பெருவிரல் எரிந்தது.

மூன்றாவது வெளியே போகிறது என்று விட்டேன். உள்ளே வந்தது. நடுக்கம்பு கழன்று மேசனின் தலைக்கு மேலால் போனது. எருமைகள் நிமிர்ந்து பார்த்தன.

இத்தனை காலம் பந்து போட்டவன் நான். கைக்குள் வராத ஒன்றை எப்போதும் தேடிக்கொண்டிருந்தேன். அது இதுதான். என் முன்னால் விழுந்து எழும்புகிறது.

"இன்னொண்டு போடு," என்றேன்.

போட்டான். கம்பு போனது. நட்டோம்.

"இன்னொண்டு."

"விடு மச்சான்," என்று தலைவர் கத்தினார். "நீ அவுட் ஆகிறதப் பாக்கவா நாங்க வந்த?"

வாத்தியார் ஓடிவந்து டேப்பை உரித்தார். ஈர்க்கை வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒருவரும் கேட்காமலே எல்லோருக்கும் காட்டினார். "முறியல்ல," என்றார். "முறியல்ல பாருங்க." பள்ளிக்கூடத்தில் அவர் அப்படிச் சிரித்ததைப் பிள்ளைகள் கண்டிருக்க மாட்டார்கள்.

உடனே கேட்டுவிடலாம் என்று வீட்டுக்குப் போனோம். அவன் கால் கழுவக் கிணற்றடிக்குப் போனான். தாய் வெளியே வந்தார். முற்றத்தில் ஐந்து ஆண்கள், சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டு நிற்கிறோம். சலூன்காரர் பையிலிருந்து வெற்றிலையையும் பழத்தையும் எடுத்து வைத்தார்.

தாய் அதைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். தலையில் சீலையை இழுத்துவிட்டார். பாய் விரித்தார்.

"இரிங்க மனே. எந்தப் பக்கம்?"

"எழுவான்கரை அம்மா. உங்கட மகனத்தான் கேட்டு வந்த," என்றார் தலைவர்.

"ம்." பாயின் ஓரத்தில் இருந்தார். "வீடு இரிக்கா?"

"வீடெண்டு இல்ல. ஒரு கொட்டில் இரிக்கி. கூரைக்குச் சீற் போட்டது."

"அதுல ஆராரு?"

"பதினொரு பேர் அம்மா."

தாய் வாயில் கை வைத்தார். "பதினொரு பேரா? புள்ளைக்கு என்ன வயசு?"

"ஆருக்கு?"

"பொம்புளப் புள்ளைக்கு."

அப்போதுதான் விளங்கியது. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் வெற்றிலையோடு போய் மாப்பிள்ளை கேட்பது. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குப் போய் இருப்பது. நாங்கள் எல்லோரும் அப்படிப் போனவர்கள்தான். மேசன் எழும்பி வேலிப் பக்கம் போய்விட்டார். தோள் குலுங்கியது. வாத்தியார் எழும்பி நின்று விளக்கினார். கிரிக்கெட், போட்டி, புதிய விதி, ஞாயிறுதோறும் மெச். தாய் கடைசிவரை கேட்டார்.

"அப்ப பொண்ணு இல்ல?"

"இல்ல அம்மா. பந்து."

சிரித்தார். தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கிணற்றடியில் அவன் முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றான். திரும்பவில்லை.

சிரிப்பு முடிந்ததும் கண்ணைத் துடைத்தார். "என்ட மூத்தவனுகள் ரெண்டு பேரும் கலியாணம் முடிச்சு அங்கால போயிட்டானுகள். மிச்சம் இவன்தான். ஞாயித்துக்கிழமை எண்டா குடுக்கலாம். ஆனா பதினொரு பேர்ல இவன் நிண்டா, ஆரு வெளிய நிக்கிற?"

தலைவர் வாழைப்பழத்தைப் பார்த்தார்.

"நான்," என்றேன்.

தாய் என்னைப் பார்த்தார். வெற்றிலையை எடுத்து என் கையில் வைத்தார். "அப்ப நீங்க கேளுங்க மனே. இடம் குடுக்கிறவருதான் கேக்கோணும்."

எனக்கு இரண்டு சொல் சேர்ந்து வருவது கஷ்டம். "சப்பாத்தும் சட்டையும் தாறம்," என்றேன். "பாதைக்குக் காசு தாறம். நான் வந்து கூட்டிப் போறன். நானே கொண்டு வந்து விடுறன். வேற கழகத்துக்கு விளையாடப்படா. அவ்வளவுதான்."

"எனக்கும் ஒண்டு இரிக்கி," என்றார். "இவன் வீட்டுல ஒண்டும் சொல்ல மாட்டான். மெச் நடக்கக்குள்ள நீங்க போன்ல எனக்குச் சொல்லோணும்."

சலூன்காரர் என் காதில், "அம்மா ஆளப் பிழையாப் புடிச்சிட்டா," என்றார்.

தாய் வெற்றிலையை வாங்கிக்கொண்டார். எங்களுக்குத் தயிர்ச் சட்டி ஒன்று தந்தார்.

முதல் மெச், போன வருடம் கப் எடுத்த அணியோடு. என் சட்டையை அவனுக்குக் கொடுத்திருந்தேன். தோளில் பிடித்தது, நீளம் போதவில்லை. நான் எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்றேன். காதில் போன். பத்து ஓவர். நாங்கள் அறுபத்திரண்டு அடித்தோம்.

அவன்தான் முதல் ஓவர்.

"என்ன நடக்கு?" என்றார் தாய்.

"ஓடுறான்."

"மறுகா?"

"அவுட்."

"ஆரு, இவனா?"

"இல்லம்மா. அடிக்கிறவன். ஸ்டம்ஸ் போயிட்டு."

அந்த ஓவரில் இன்னொன்றும் விழுந்தது. சனம் எழும்பியது. நானும் குதித்தேன். நான் போட்ட எந்த ஓவரிலும் அப்படிக் குதித்ததில்லை. ஒருவருக்கு இரண்டு ஓவர்தான்; தலைவர் அவனுடைய மற்ற ஓவரைக் கடைசிக்கு வைத்தார். நடுவில் அவர்கள் நல்லாக அடித்தார்கள். கடைசி ஓவருக்கு எட்டு ஓட்டம் தேவை. அவர்களிடம் மூன்று விக்கெட் இருந்தது.

"வாயத் திறந்து சொல்லுங்க மனே," என்று தாய் ஏசினார். "எனக்கு நெஞ்சு இடிக்கி."

"எனக்கும்," என்றேன்.

முதல் பந்து நாலு. எங்கள் பக்கம் செத்த வீடு மாதிரி. அவன் திரும்பி நடந்தான். நான் சொல்லத் தொடங்கினேன். "இப்ப நிக்கான். பந்தத் துடைக்கான். ஓடி வாறான். கிட்ட வாறான். விட்டான். கால்ல விழுது. போச்சு, அம்மா. கம்பு போச்சு." அடுத்ததையும் சொன்னேன். மேசன் பாய்ந்து பிடித்தார். அதற்கடுத்ததில் ஒரு ஓட்டம். அடுத்ததற்கு என்ன சொன்னேன் என்று தெரியாது. கத்தியிருக்கிறேன். பக்கத்தில் நின்றவர்கள் போட்டியை விட்டு என்னைப் பார்த்தார்கள். மைதானத்தில் நடுக்கம்பு படுத்துக் கிடந்தது. எங்கள் பொடியன்கள் அவனைத் தூக்கிவிட்டார்கள். வாத்தியார் எங்கோ விழுந்த தன் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

போனில் தாயின் சத்தமும் எருமைச் சத்தமும் சேர்ந்து வந்தது. "வெண்டிட்டமா? எல்லாமா எத்தின அவுட் எடுத்தான்? சொல்லுங்க மனே."

எண்ணிப் பார்த்தேன். முதல் ஓவரில் இரண்டு. இதில் மூன்று.

"அஞ்சு," என்றேன்.