இடது கார்னரில் ஒரு பூஜ்யம்

கபடிக்கு ஆள் பார்க்கிறவனுக்கு இந்த ஊரில் இரண்டே பேர்தான் நாற்காலி போடுவார்கள்: ஒருவர் பந்தல்காரர், இன்னொருவர் ஆடத் தெரியாத பையனின் தாய்மாமன்.

நான் ஒரு தொழில்முறைக் கபடி அணிக்காகத் திருச்சி வட்டாரக் கல்லூரிகளில் ஆள் பார்க்கிறேன். அதிலும் டிஃபென்டர்கள் மட்டும், அதாவது பாடி வருகிற ரெய்டரை மடக்கிப் பிடிக்கிறவர்கள். ரெய்டர்களைப் பார்க்க வேறு ஆள் இருக்கிறார், அவருக்குக் கார் உண்டு. எனக்கு இருப்பதெல்லாம் ஒரு ஸ்கூட்டர், ஆடின காலத்தில் போன ஒரு முட்டி, ஹெட் ஆபீஸ் அனுப்பிய ஒரு படிவம். வருடாவருடம் அணிகள் ஆட்டக்காரர்களை எடுக்கிற ஏலத்துக்கு முன் அந்தப் படிவத்தில் மூன்று பேரைத் தேற்றி அனுப்ப வேண்டும். படிவம் நிரப்பியே வயதாகிப்போன சக ஜீவன்களே, மேலே படியுங்கள். உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும்.

எதிர்வீட்டுச் சந்தேகம்

நான் குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியை ஒட்டிய ஒரு மாடியில். எதிர்வீட்டு வரதராஜன் மாமா பெருமாள் சேவித்துவிட்டு வரும்போதெல்லாம் என் வேலையைப் பற்றி விசாரிப்பார். மூன்று வருடமாக விசாரிக்கிறார், மூன்று வருடமாக நானும் பதில் சொல்கிறேன். ஒருநாள் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு, வரிசையின் ஓரத்தில் நிற்கிற கார்னர் என்றால் என்ன, அவனுக்கு உள்பக்கம் நிற்கிற கவர் என்றால் என்ன, கணுக்காலை எந்த நொடியில் பிடிக்க வேண்டும் என்று வீதியிலேயே குனிந்து செய்து காட்டினேன். பூக்காரம்மா கூடக் கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

மாமா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு பிரசாதத்தில் கொஞ்சம் என் கையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏன் ஸ்வாமி, ஓடறவன் காலைப் பிடிச்சு இழுக்கறதுக்கு டிகிரி வேற படிக்கணுமா?"

வையம்பட்டி மாமன்

வையம்பட்டியில் ஒரு போட்டி. நான் வருவது எப்படித் தெரிந்ததோ, ஒருவர் குளிர்ந்த மோரோடு காத்திருந்தார். கல்லூரி அணியில் கார்னர் ஆடுகிறவன் அவருடைய அக்கா மகன். பையன் நல்ல ஆகிருதி. ஆனால் அன்றைக்கு ரெய்டர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு, சந்தைக்குப் போய் வருகிற மாதிரி போய்ப் போய் வந்தார்கள். ஆட்டம் முடிந்தபோது அவன் ஒருவரையும் பிடித்திருக்கவில்லை.

எத்தனை மாமன்களைப் பார்த்தாயிற்று! ஒருவர் ஜாதகம் காட்டுவார், ஒருவர் எக்ஸ்ரே காட்டுவார். பிடி விழாத பையனுக்கு எல்லோரும் கடைசியில் சொல்வது ஒரே காரணம்தான். அந்த வருட ரிப்போர்ட்டிலேயே, மாமன்கள் இப்படித்தான் சொல்வார்கள், இந்தக் காரணத்தை யார் சொன்னாலும் நம்ப வேண்டாம் என்று ஹெட் ஆபீஸுக்கு ஒரு குறிப்பும் எழுதினேன். வையம்பட்டிக்காரரும் அதையேதான் சொன்னார், மோர் டம்ளரை வாங்கிக்கொண்டே: "எம் மருமகன் நின்னான்னா அந்தப் பக்கம் எவனும் வர மாட்டான் சார், அதான் பிடியே விழல."

அழகான பூஜ்யம்

அடுத்த வருடம் திருச்சியில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. ஒரு அணியின் இடது கார்னரில் ஆரோக்கியராஜ் என்று ஒரு பையன். பொன்மலைக்காரன், அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. ஒல்லியான உடம்பு. முழு ஆட்டமும் லேசாகக் குனிந்தபடியே நின்றான். ஒருவனையும் பிடிக்கவில்லை, பிடிக்கப் போகவும் இல்லை. அவன் அணி சுலபமாக ஜெயித்தது, அதை நான் கவனித்தேன். ஏன் ஜெயித்தது என்று யோசிக்கத்தான் தோன்றவில்லை.

படிவத்தில் இரண்டு கட்டம் உண்டு. பிடிக்கப் போனது எத்தனை தடவை, பிடித்தது எத்தனை தடவை. இரண்டிலும் பூஜ்யம் போட்டு, கீழே "ஆட்டத்தில் ஈடுபாடு இல்லை" என்றும் எழுதினேன். அவர்கள் கல்லூரியின் விளையாட்டு ஆசிரியர் பக்கத்தில் வந்து, அவன் பக்கம் யாரும் வருவதில்லை என்று சொன்னார். தாய்மாமன்களுக்கென்று ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன், அதைச் சிரித்தேன். அவர் கோபப்படவில்லை. என் படிவத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பூஜ்யம் ரொம்ப அழகா போடுறீங்க சார்."

பாலக்கரையில் ஒரு டீ

அன்று மாலை படிவத்தை அனுப்பிவிட்டுப் பாலக்கரையில் ஒரு டீக்கடையில் நின்றேன். தோற்ற அணிப் பையன்கள் அங்கே பன் பட்டர் ஜாம் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் கதிர் என்கிற ரெய்டர் கணுக்காலில் கட்டுப் போட்டிருந்தான். எப்படி ஆயிற்று என்று சும்மாதான் கேட்டேன். போன மாதம் ஆரோக்கியராஜ் பிடித்தது என்றான். அன்றைக்கு அவன் இவர்களில் நாலு பேரைப் பிடித்திருக்கிறான். அதற்குப் பிறகு இடது பக்கம் யாருமே போகக்கூடாது என்று முடிவு. இவர்கள் மட்டுமல்ல, அவனை எதிர்த்து ஆடுகிற எல்லாக் கல்லூரியிலும் அதே முடிவு.

எனக்கு டீ புரையேறியது. அந்தப் பையனுக்கு இது கடைசி வருடம். இந்த ஏலத்தில் பெயர் வராவிட்டால் அக்கா புருஷனின் லாரி புக்கிங் ஆபீஸில் உட்கார வேண்டும், வீட்டில் எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள் என்று அவன் ஆசிரியர் சொல்லியிருந்தார். அவனைத்தான் நான் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஈடுபாடு இல்லாதவனாக்கி அனுப்பியிருந்தேன். கதிர் கட்டைத் தடவிக்கொண்டே சொன்னான்: "நம்ம கால் நம்மகிட்டதான் இருக்குன்னு நினைச்சிட்டிருப்போம்ணே, பாத்தா அது அவன் கையில இருக்கும்."

என் வாக்கு எனக்கே

மறுநாள் காலையில் ஹெட் ஆபீஸுக்குப் போன் போட்டேன். படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற பிரசன்னா எடுத்தார். நல்ல பிள்ளை, கபடி ஆடியதில்லை. ஆரோக்கியராஜைப் பற்றி நான் எழுதியது தப்பு என்றேன். பூஜ்யம் இல்லையா என்றார். பூஜ்யம்தான், ஆனால் அந்தப் பூஜ்யம் வேறு என்றேன். வராத ரெய்டர்களைக் கணக்கெடுக்கக் கட்டம் இல்லை என்றார். பத்து நாளில் பிடி காட்டுகிற வீடியோ வந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் பெயரை ஏற்றாது என்றும் சொன்னார்.

நான் குரலை உயர்த்தி, அந்தப் பையன் நிற்கிற பக்கம் எவனும் வர மாட்டான் ஐயா, அதனால்தான் பிடி விழவில்லை என்று கத்தினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம். பிறகு பணிவாக வந்தது பதில்: "இந்தக் காரணத்தை யார் சொன்னாலும் நம்பாதீங்கன்னு போன வருஷ ரிப்போர்ட்ல நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க?"

பொன்மலை மைதானம்

இனி வழி ஒன்றுதான். பொன்மலையில் ஒரு பயிற்சி ஆட்டம் ஏற்பாடு செய்தேன். எதிரணியாகக் கதிரின் கல்லூரியைக் கூப்பிட்டேன். ஆட்டத்துக்கு முன் கதிரையும் அவன் கூட்டாளிகளையும் ஓரமாக அழைத்து, இன்றைக்கு மட்டும் இடது பக்கம் போங்கள், ஏமாற்ற வேண்டாம், உங்களால் முடிந்தவரை தப்பிக்கப் பாருங்கள் என்று கெஞ்சினேன். எத்தனையோ பேர் என்னிடம் சிபாரிசுக்கு வந்திருக்கிறார்கள், நான் ஒருவனுக்காகச் சிபாரிசு கேட்டது அன்றைக்குத்தான். கதிர் நல்லவன். கட்டை இன்னும் இறுக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போனான், முதல் ஆளாக விழுந்தான்.

ஏழு பேர் போனார்கள், ஆறு பேர் திரும்பவில்லை. எல்லாவற்றையும் போனில் படம் பிடித்தேன். இப்படி ஒரு பிடியை நான் ஆடின காலத்திலும் பார்த்ததில்லை. சந்தோஷத்தில் அவனைக் கூப்பிட்டுத் தட்டிக்கொடுக்கப் போனேன். அவன் முகம் வாடிப்போய் இருந்தது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைத் தனியாக அழைத்துக் கேட்டான்: "ஏன் சார் எல்லாரும் இன்னைக்கு என் பக்கமே வந்தாங்க? என் ஆட்டம் அவ்ளோ மோசமாயிடுச்சா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் படிவம் கேட்டது, அதனால்தான் என்று சொல்வதற்குப் பதில், அங்கேயே நின்று வீடியோவைப் பிரசன்னாவுக்கு அனுப்பினேன்.

ஒரு சுழல் நாற்காலி

ஏலத்தில் அவன் பெயர் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. எங்கள் அணியே எடுத்தது. நான் பொன்மலைக் குவார்ட்டர்ஸுக்கு நேரிலேயே போய்ச் சொன்னேன். அவன் அம்மா மாதா படத்துக்கு முன்னால் போய் நின்று அழுதார், எனக்கும் கண் கலங்கியது. அவன் அப்பா மட்டும் ஷிஃப்டுக்குப் போக சைக்கிளைத் துடைத்துக்கொண்டே கவலையாகச் சொன்னார்: "மாப்பிள்ளை ஆபீஸுக்குச் சுழல் நாற்காலி வாங்கிட்டாருங்க, இப்ப அவருக்கு யாரு பதில் சொல்றது?"

நாலு ஆட்டம்

சீசன் ஆரம்பித்தது. முதல் ஆட்டத்தில் ஆரோக்கியராஜ் ஐந்து பேரைப் பிடித்தான். பிரசன்னா என் போனுக்குக் கைதட்டுகிற பொம்மை அனுப்பினார். இரண்டாவது ஆட்டத்தில் மூன்று பேர். அதற்குள் மற்ற அணிகளும் வீடியோ பார்த்துவிட்டன. அடுத்த நாலு ஆட்டத்திலும் ஒரு ரெய்டர் கூட இடது பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எல்லோரும் வலது பக்கமே முட்டி மோதி, அங்கே காத்திருந்த எங்கள் ஆட்களிடம் மாட்டிக்கொண்டார்கள். நாலிலும் ஜெயித்தோம்.

நாலாவது வெற்றிக்கு மறுநாள் காலையில் பிரசன்னாவின் போன். நாலு ஆட்டமாகப் பிடி பூஜ்யம், அடுத்த வருடம் பையனை வைத்துக்கொள்வதா என்று கம்ப்யூட்டர் கேட்கிறதாம். கோச்சைக் கேட்டால் அவனை விட்டால் நானும் கிளம்பிவிடுவேன் என்கிறாராம், ஆனால் அதைப் போடக் கட்டம் இல்லையாம். ஸ்கூட்டரை அப்படியே வீதியில் நிறுத்தி, எதிர்வீட்டு மாமா பார்த்துக்கொண்டிருக்க, அவன் பக்கம் எவனும் வர மாட்டான் என்று மறுபடியும் கத்தினேன். பிரசன்னா பெருமூச்சு விட்டார்: "கோச் சொல்றாரேன்னு வச்சுக்கிறோம் சார், ஆனா நீங்க வரவர மாமன் மாதிரியே பேசுறீங்க."

வையம்பட்டிக்காரரிடம் நான் ஒருநாள் நேரில் போய் மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும், ஆனால் அவர் மருமகனுக்கு நிஜமாகவே பிடிக்க வராது.