மச்சானின் வண்டிக்குச் சக்கர மறைப்பு வெட்டியது

என் மனைவியின் அண்ணனை நான் மச்சான் என்று கூப்பிட்டதே இல்லை. சார் என்றுதான் கூப்பிடுவேன். அது அவருக்கு எரிச்சலாக இருக்கும் என்று தெரிந்தேதான் கூப்பிட்டேன். அவரும் என்னை மாப்பிள்ளை என்று ஒருநாளும் சொன்னதில்லை. 'தம்பி' என்பார், ஓட்டலில் தண்ணீர் கேட்கிற மாதிரி.

அவர் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். நான் பூந்தமல்லிக்காரன், அம்பத்தூரில் லாரி பாடி கட்டும் ஷெட்டில் தகடு வெட்டித் தட்டுகிற டிங்கர் வேலை. இரண்டு குடும்பமும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் அவர்கள் சபை வேறு, எங்கள் கோயில் வேறு. என் வேலை, என் கோயில் இரண்டும் சேர்ந்து அவருக்கு என்மேல் ஆத்திரம். எங்கள் கல்யாணத்தன்று சாப்பிடாமல் எழுந்து போனவர் அவர்.

எண்பதுகளின் கடைசியில் அவர் ஒரு டிரெய்லர் வாங்கினார். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார இன்ஜினீயர் ஒருவர் விட்டுச் சென்ற வண்டி. உள்ளே இரண்டு கட்டில், ஒரு மேசை, ஸ்டவ் வைக்க இடம். அவருடைய ஜீப்பின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போனால் போகிற இடத்தில் தங்கிக்கொள்ளலாம். குவார்ட்டர்ஸே வந்து வேடிக்கை பார்த்தது. ஆனால் சக்கரத்தின் மேல்பாதியை மூடுகிற தகடு இரண்டு பக்கமும் கிழிந்து தொங்கியது. அந்த மாதிரித் தகடு இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது. புதிதாக வெட்டித்தான் மாட்ட வேண்டும்.

"அண்ணன் வாய்விட்டுக் கேட்டிருக்காங்க, மாட்டேன்னு சொல்லாதீங்க" என்றாள் என் மனைவி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கத்திரி, சுத்தியல், டிரில் எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன்.

வண்டியை ஜாக்கியில் தூக்கிச் செங்கல் அடுக்கி நிறுத்தியிருந்தார்கள். சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு படம் வைத்திருந்தார். வெளிநாட்டுப் பத்திரிகையில் பார்த்து அவரே வரைந்து, அளவெல்லாம் குறித்தது. அதில் சக்கரம் முக்கால்வாசி மறைந்திருந்தது.

"சார், இப்போ சக்கரம் கீழே தொங்கிகினு கீது. வெயிட் ஏறுனா வண்டி இறங்கும், டயர் மேல வரும். கல்லை எடுத்துட்டு, உள்ள சாமான ஏத்துங்க. அப்புறம் நான் அட்டையில வரைஞ்சு வெட்டறேன்" என்றேன்.

"பதினஞ்சு வருசமா டிராயிங் பாத்துட்டு இருக்கேன், தம்பி. அளவெடுக்கத் தெரியாதவன்தான் அட்டையத் தேடுவான். நீரு தகரம் தட்டுறவரு. போட்ட கோட்டுல வெட்டும், போதும்."

பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் சிரித்தார்.

எனக்குக் காது சூடானது. இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். கத்திரியைக் கீழே போட்டுவிட்டு வந்திருக்கலாம். நான் இரண்டையும் செய்யவில்லை. போட்ட கோட்டில், மயிரிழை பிசகாமல் வெட்டினேன். ஓரத்தை உள்பக்கம் மடித்துத் தட்டினேன். ரிவெட்டை ஒரே கோட்டில் அடித்தேன். அவ்வளவு சுத்தமான வேலையை நான் ஷெட்டில்கூடச் செய்ததில்லை. செங்கல்லை எடுத்து வண்டியை இறக்கியபோது, மடித்த ஓரத்துக்கும் டயருக்கும் நடுவே ஒரு விரல் போகிற இடம்தான் இருந்தது. உள்ளே இன்னும் ஒரு தலையணைகூட ஏற்றவில்லை. அவர் எட்ட நின்று பார்த்து, "பரவால்ல" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "நல்லா வந்துச்சா?"

"உங்க அண்ணன் போட்ட அளவு. எப்படித் தப்பா போவும்?" என்றேன்.

மே மாத லீவில் ஏலகிரிக்குக் கிளம்பினார்கள். தண்ணீர் டிரம், அரிசி, பாத்திரம், மெத்தை எல்லாம் டிரெய்லரில். அவரும் மனைவியும் மகளும் ஜீப்பில். அன்று காலை பத்து மணி வாக்கில் ஷெட்டுக்கு ஒருவர் பஸ்ஸில் தேடிக்கொண்டு வந்தார். "குத்தம்பாக்கத்தாண்ட வண்டி சாஞ்சி நிக்குது. டயரு கீஞ்சிருச்சி. வீல கழட்ட முடியல. உன்ன இட்டாரச் சொன்னாங்க."

உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை.

இறங்கிப் பார்த்தேன். பள்ளத்தில் வண்டி குதித்திருக்கிறது. நான் மடித்துத் தட்டிய ஓரம் டயரின் பக்கவாட்டைக் கத்திபோல அறுத்திருந்தது. வெடித்த வேகத்தில் ஜீப் ரோட்டைவிட்டு இறங்கிவிட்டது. அவர் மகள் புளியமரத்தடியில் நெற்றியில் துணியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துணி முழுக்க ரத்தம். ஜீப் கம்பியில் மோதியிருக்கிறாள். என்னைப் பார்த்ததும், "மாமா, ஒண்ணுமில்ல மாமா, லேசாதான்" என்றாள். எனக்கு ஆறுதல் சொன்னாள், ஒன்பது வயதுப் பிள்ளை.

அவர் என் சட்டையைப் பிடித்தார். "தெரிஞ்சேதான செஞ்சீரு?"

"தெரியும் சார். சொன்னேன். நீங்க கேக்கல."

"ஒரு தடவ சொன்னீரு. ரெண்டாவது தடவ ஏன் சொல்லல? வண்டிய இறக்கினப்ப இடம் பத்தலன்னு உம்ம கண்ணுல படலயா?"

அவருடைய மனைவிதான் அவர் கையை என் சட்டையிலிருந்து எடுத்துவிட்டார். சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் தகட்டை எடுத்தாக வேண்டும். ரோட்டோரம் மண்டியிட்டு, நான் அடித்த ரிவெட்டுகளை நானே உளியால் ஒவ்வொன்றாக வெட்டினேன். வேறு டயர் போட்டதும் ஏலகிரிக்குப் போகாமல் திரும்பினார்கள். பிள்ளைக்குப் பூந்தமல்லியில் மூன்று தையல்.

என் மனைவி சத்தம் போடவில்லை. "அண்ணன் பேசினது தப்புதான். புள்ள போற வண்டின்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த ஞாயிறு யாரும் கூப்பிடாமல் போனேன். கட்டில், டிரம், மெத்தை எல்லாவற்றையும் நானே வண்டியில் ஏற்றினேன். அட்டையை டயரோரம் வைத்து வரைந்து, நான்கு விரல் இடம் விட்டு வெட்டினேன். ரிவெட் அடிக்கவில்லை. டயர் பஞ்சரானால் யாரும் கழற்றலாம் என்று போல்ட் போட்டேன். அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். முடித்துவிட்டு, "பாத்துக்கங்க சார்" என்று வாசலில் நின்று சொன்னேன். அவர் வெளியே வந்து, டயருக்கும் தகட்டுக்கும் நடுவே கையை விட்டுச் சுற்றிலும் தடவிப் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

மறு வருஷம் அந்த வண்டியிலேயே ஏலகிரிக்குப் போனார்கள். என் மனைவியையும் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன்.