டைகர் மேல் அடித்த மீன் வாடை

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில், புனேயில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் வீட்டுக்குள் மீன் நாற்றம் அடிக்க ஆரம்பித்தது. வேறு வீடாக இருந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். நாங்கள் திருநெல்வேலிச் சைவம். முட்டை போட்ட கேக்கைக்கூட அம்மா வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள். அப்படிப்பட்ட வீட்டில் மீன் நாற்றம் என்றால் யாரோ குற்றம் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

குற்றம் என்று வந்துவிட்டால் துப்புத் துலக்க அம்மாவை விட்டால் ஆளில்லை. பால்காரர் தண்ணீர் கலக்கிறார் என்பாள். மாடி வீட்டுக்காரர்கள் எங்கள் தொட்டித் தண்ணீரைத் திருடுகிறார்கள் என்பாள். இந்தியும் மராத்தியும் சரியாகப் பிடிபடாததால், தன்னைச் சுற்றி யார் என்ன பேசினாலும் தன்னைப் பற்றித்தான் என்ற எண்ணம் அவளுக்கு இருந்தது. அந்தக் குணம் ஒரு சொட்டுக் குறையாமல் எனக்கும் வந்திருந்தது. எனக்கு அப்போது பத்து வயது.

அப்பா, அம்மா, நான் போக வீட்டில் அப்பாவின் தம்பியும் இருந்தார். சித்தப்பாவுக்குப் பிம்ப்ரி பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. கல்யாணமாகும்வரை எங்களோடு இருக்கட்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். டைகரைக் கொண்டுவந்தது அவர்தான். பெயர்தான் டைகர், பட்டாசு வெடித்தால் கட்டிலுக்கு அடியில் போய் மூத்திரம் விடும் வெள்ளைப் பொமரேனியன். காலையில் பால், மத்தியானமும் ராத்திரியும் தயிர்சாதம், நடுவில் மேரி பிஸ்கட். ‘எங்க நாயும் சைவம்’ என்று ஊரிலிருந்து வருகிறவர்களிடம் அம்மா பெருமையடித்துக்கொள்வாள்.

அதன் வயிறு அந்தப் பெருமைக்கு ஒத்துழைக்கவில்லை. எப்போதும் இளகித்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு புதிதாக ஒரு பழக்கம் வந்தது. பின்பக்கத்தை ஜமுக்காளத்தில் அழுத்தி, முன்காலால் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு ஹால் முழுக்கப் போகும். நடுநடுவே திரும்பி வாலுக்கு அடியில் நக்கும். வயிற்றில் பூச்சி என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பூச்சி மாத்திரை கொடுத்தோம், இழுவை நிற்கவில்லை. அதோடு நாற்றமும் சேர்ந்துகொண்டது.

நாற்றம் எப்போது அதிகமாகிறது என்று அம்மா கணக்காகக் கவனித்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அன்றுதான் சித்தப்பா காலையிலேயே குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு பஸ் ஏறி, கேம்ப் என்கிற கன்டோன்மென்ட் பகுதிக்குப் போவார். கேட்டால் சிநேகிதன் வீடு என்பார். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பி வருவார். டைகர் அவர் மேல் தாவித் தாவிச் சுற்றும். ஐந்து நிமிடத்தில் ஹாலில் உட்கார முடியாது.

“உங்க தம்பி கேம்ப்ல எவன் வீட்டுலயோ மீனத் தின்னுட்டு, மிச்சத்த நாய்க்கும் கொண்டாந்து போடுதாரு” என்றாள் அம்மா, அப்பாவிடம். “அதான் அதுக்கு வயித்தாலயும் போவுது, நாத்தமும் அடிக்கி.”

மீன் நாற்றம் எப்படி இருக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று அப்பா கேட்டுத் தொலைத்தார். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தீர்ப்பு வந்தது. மீன் விஷயம் நிஜம் என்று தெரிந்தால் சித்தப்பா அன்றைக்கே வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சைக்கிள் கற்றுக்கொடுத்தவர், பேல்பூரி வாங்கித் தருகிறவர், என் மராத்தி ஹோம்வொர்க்கைப் பார்த்துச் சிரிக்காதவர் என்று எனக்கு அந்த ஊரில் இருந்தது அவர் ஒருவர்தான். அவரைக் காப்பாற்ற வேண்டும் என்று நிஜமாகவே நினைத்தேன். ஆனால் உள்ளுக்குள் அவர் மேல் சந்தேகமும் இருந்தது. ஊறப்போட்ட அவருடைய சட்டையை முகர்ந்து பார்த்தேன். கைக்குட்டையை முகர்ந்தேன். மீன் இல்லை. ஒரு ஞாயிறு சாயங்காலம் அவர் கையைப் பிடித்து விளையாடுகிற சாக்கில் விரல்களை முகர்ந்தபோது ஏதோ பூ வாசனை சோப்பு மணந்தது. எங்கள் வீட்டில் அந்த சோப்பு கிடையாது.

பேசாமல் இருந்திருக்கலாம். துப்பு கிடைத்த பெருமை தாங்காமல் அம்மாவிடம் ஓடினேன்.

“மத்தவன் வீட்டுல எதுக்கு சோப்புப் போட்டுக் கை களுவணும்?” என்றாள் அம்மா. சொன்ன நிமிடமே எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முகத்துக்கு நேரே கேட்டுவிடப்போவதாக அவள் சொல்லிவிட்டாள்.

அந்த ஞாயிறு விடியும்போது டைகரால் உட்காரவே முடியவில்லை. உட்காரப் போய் வீறிட்டு எழுந்துகொண்டது. அப்பா ஸ்கூட்டரை எடுத்தார். டைகரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்தேன். சித்தப்பா வீட்டிலேயே இருந்தார். அம்மா அவரை வெளியே போகவேண்டாம் என்று நிறுத்திவைத்திருந்தாள்.

நாய் டாக்டர் ஒரு மராத்திப் பெரியவர். மேஜையில் செய்தித்தாளை விரித்து, டைகரின் தலையை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கையுறை மாட்டிக்கொண்டு வாலைத் தூக்கினார். இரண்டு பக்கமும் மெல்ல அழுத்தினார். பஞ்சில் பழுப்பாக ஏதோ வந்தது. உடனே அறை முழுக்க எங்கள் வீட்டு ஹாலின் நாற்றம் பரவியது. நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

டாக்டர் நிதானமாக இந்தியில் விளக்கினார். எல்லா நாய்க்கும் அந்த இடத்தில் இரண்டு சின்னப் பைகள் உண்டு. மலம் கெட்டியாகப் போனால் அது அழுத்தி, பைகள் தானாகக் காலியாகிவிடும். இளகிப் போகும் நாய்க்கு உள்ளேயே தேங்கிக் கெட்டியாகும். அந்த வேதனையில்தான் தரையில் தேய்க்கிறது. பயந்தாலோ ரொம்பச் சந்தோஷப்பட்டாலோ கொஞ்சம் தானே வெளியே வந்துவிடும், மீன் வாடைதான் அடிக்கும். பாலைக் குறைக்கச் சொன்னார். சோற்றோடு வேகவைத்த மஞ்சள் பூசணியைப் பிசைந்து கொடுக்கச் சொன்னார். வீட்டில் நாமே அழுத்திப் பார்க்கக் கூடாது, வீங்கினாலோ ரத்தம் வந்தாலோ உடனே கொண்டுவர வேண்டும் என்றார். முட்டை என்று ஒன்றும் சொன்னார். அப்பாவுக்கு அது மட்டும் காதில் விழவில்லை.

ரொம்பச் சந்தோஷப்பட்டால் என்ற இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஞாயிறு முழுக்கக் காணாத சித்தப்பாவைக் கண்ட சந்தோஷம்! வழி நெடுக அப்பாவை வேகமாகப் போகச் சொல்லி நச்சரித்தேன். ஸ்கூட்டர் நிற்பதற்குள் இறங்கி ஓடினேன்.

ஹாலில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா சுவரோரமாக நின்றிருந்தார்.

“மதினி, நீங்க நெனைக்கது சரிதான்” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். “அதுக்கு மேலயும் ஒண்ணு இருக்கு. அண்ணனும் வரட்டும், சேத்துச் சொல்லிருதேன்.”

“சித்தப்பா மேல தப்பே இல்ல!” என்று நான் கத்தினேன். “டைகர் குண்டிலேருந்துதான் நாத்தம் வருது! டாக்டரே சொல்லிட்டாரு!”

பின்னாலேயே வந்த அப்பா சிரித்துச் சிரித்து முழுக்கதையையும் சொன்னார். அம்மா எழுந்து நின்றுவிட்டாள். யாரிடமும் மன்னிப்புக் கேட்டறியாத என் அம்மாவின் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். “நான் போட்ட சத்தத்துல, செய்யாதத செஞ்சேன்னு ஒத்துக்கிட வந்துட்டாரே பாவம்” என்றாள். அப்பா சித்தப்பாவின் தோளில் தட்டி, “என் தம்பி கண்ட எடத்துல கை நனைப்பானாட்டீ?” என்றார். சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு டைகரைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

பூசணிச் சோறு டைகருக்கு ஒத்துக்கொண்டது. மாதம் ஒருமுறை டாக்டரிடம் காட்டினோம், தேய்ப்பதும் நாற்றமும் நின்றுபோயின. சித்தப்பா கேம்ப்புக்குப் போவதும் மெல்ல நின்றது. அடுத்த வருடம் அம்மா பார்த்த திருநெல்வேலிப் பெண்ணுக்குத் தாலி கட்டினார்.

பல வருடம் கழித்து, புனேயிலேயே கராடிப் பக்கம் நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில், நான் விரும்பியவனைப் பற்றி வீட்டில் சொல்லத் தைரியம் வராமல் சித்தப்பாவிடம் போய் நின்றேன். அப்போதுதான் அவர் சொன்னார். கேம்ப்பில் சர்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் வீடு. அந்த வீட்டுப் பெண் பள்ளிக்கூட டீச்சர். ஞாயிறு மத்தியானம் அவள் அம்மா மீன்குழம்பு வைப்பார். இவர் சாப்பிடுவார்.

“சொல்லுததா இருந்தா ஒடனே சொல்லிரு” என்றார். “எவராவது குறுக்க வந்து ஒன்ன நல்ல பிள்ளன்னு சொல்லிட்டாங்கன்னா அப்புறம் வாய் வராது.” என்னைக் குறை சொல்லும் குரலே அதில் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

டைகரை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்த அந்த ஞாயிறு மத்தியானம் அம்மா சித்தப்பாவுக்குப் பிடித்த சொதி வைத்தாள். சித்தப்பா தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார். நான் அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, அவரைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தில் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவர் என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டபோது, இடம் போதவில்லை போலிருக்கிறது என்று நானும் நகர்ந்து கொடுத்தேன்.