உப்புத் தண்ணீர் குடித்த மெஷின்

ராமேஸ்வரத்தில் ஆட்டோ ஓட்டும் என் கணவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று, முகமூடி வழியாகக் காற்று செலுத்தும் மெஷினை டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஒரு மாதம் மாட்டியவர், "தொண்டை வறளுது புள்ள, எனக்கு வேணாம்" என்று கழற்றிப் போட்டுவிட்டார். சின்னப் பிள்ளை மாதிரி அடம் பிடிக்கிறாரே என்று நானும் திட்டித் தீர்த்தேன்.

அடுத்த வாரமே, பட்டப்பகலில் அக்காள்மடம் அருகே கண்ணயர்ந்து, ஆட்டோவைச் சாலையோர மணலில் இறக்கிவிட்டார். சவாரி யாரும் இல்லை, அவருக்கும் கீறல்கூட இல்லை, அல்ஹம்துலில்லாஹ்!

மெஷினோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டியைத் திறந்த நர்ஸ், "என்னக்கா, உள்ள உப்பளமா போட்டிருக்கீங்க? இப்படிப் படிஞ்சா காத்துல எப்படி ஈரம் ஏறும்?" என்றார். நல்ல தண்ணீர் குடிக்க மட்டுமே என்ற எங்கள் தீவுப் பழக்கத்தில், தினமும் அதில் உப்புக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியவள் நான்தான்!

இப்போது மருந்துக்கடையில் வாங்கும் காய்ச்சி வடித்த நீரைத்தான் ஊற்றுகிறேன். அவர் எதையாவது வேண்டாம் என்றால், திட்டுவதற்கு முன் ஏன் என்று கேட்கிறேன். முன்பெல்லாம் விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கு அவரை நான் உலுக்கி எழுப்புவேன். இப்போது அவர் என் போர்வையை இழுக்கிறார்: "எந்திரி புள்ள, இன்னுமா தூக்கம்?"